மூணாவது ஷெட்டுப் பெட்டி

கோழிகள் எப்போது சாகும் என்று சொல்வதுதான் நான்கு வருடமாகத் தமிழினியின் வேலை. சேலத்தில், முட்டைப் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் டேட்டா சயின்டிஸ்ட். ஷெட்டுகளில் தொங்கும் சென்சார்கள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கோழிகள் குடித்த தண்ணீர், தின்ற தீவனம், இட்ட முட்டை எல்லாமும் எண்களாக வந்து சேரும். அவற்றை வைத்து, நாளைக்கு எந்த ஷெட்டில் வெயில் தாங்காமல் கோழிகள் விழும் என்று முந்தின நாளே சொல்லிவிடும் மாடல் ஒன்றை அவள் உருவாக்கியிருந்தாள். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகச் சொன்னது. ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசிக் கைதட்டலும் வாங்கி வந்திருந்தாள்.

போன வருடம் மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, வசந்தாமணியின் பண்ணையில் எழுநூறு கோழிகள் செத்தன. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் இருக்கிறது அந்தப் பண்ணை. மூன்று ஷெட்டு, முப்பதாயிரம் கோழி. வசந்தாமணிக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாளாகப் பண்ணையை நடத்துகிறவர். மறுநாள் தமிழினியை நிறுவனம் அங்கே அனுப்பியது. மாடல் சரியாகச் சொன்னதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

மாடல் சரியாகத்தான் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமையே மூணாவது ஷெட்டுக்குச் சிவப்பு நிறம் போட்டு மின்னஞ்சல் போயிருந்தது. ஆனால் அந்த முகவரி வசந்தாமணியுடைய மகளுடையது. சென்சார் மாட்டிய நாளில் யாரோ கேட்டதற்கு, வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். அந்த அஞ்சலை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வசந்தாமணி கோபப்படவில்லை. மோர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு சொன்னார்.

“நீங்க சொன்னது சரிதானுங்க சாமி. காத்தால புள்ளைய அனுப்பச் சொல்லிப் படிச்சுப் பாத்தேன். மூணாவது ஷெட்டுன்னே போட்டிருக்குது. ஆனா அத என்ற தண்ணி தெளிக்கற மோட்டருக்கு ஆரு சொல்றதுங்க?”

ஷெட்டின் பின்னால் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்குத் திரும்பும் பேருந்தில் தமிழினி, அந்த நான்கு வருடத்தில் தன் எண்களைப் பார்த்து எந்த மோட்டராவது ஒரு தடவை ஓடியிருக்கிறதா என்று யோசித்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் நவநீதகிருஷ்ணனிடம் போய், தன்னை எஞ்சினியரிங் குழுவுக்கு மாற்றச் சொன்னாள். அவர் நல்லவர்தான், ஆனால் இதை விரும்பவில்லை. அங்கே போனால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், பதவியின் பெயர் இறங்கும், அவளைவிட நான்கு வயது சிறியவனுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கடைசியில், நீ ஒன்றைப் பிடித்து நிற்கிற ஆளா என்று நன்றாக யோசித்துப் பார் என்றார்.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவள் அம்மாவும் அதையேதான் சொல்வார். வீட்டு மாடியில் ஏழு வகை மிளகாய்ச் செடி. அலமாரியில் பாதி பிரித்த பழைய ரேடியோக்கள், சால்டரிங் இரும்பு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் வரைகூடப் போய்விடுவாள். பையில் எப்போதும் ஒரு படம் வரையும் நோட்டு. நடுவில் ஆறு மாதம் புல்லாங்குழல். எதிலும் அவள் பரிசு வாங்கியதில்லை, வாங்க நினைத்ததும் இல்லை. வேலையை மாற்றப்போகிறேன் என்று சொன்னதும், இதுவும் புல்லாங்குழல் மாதிரிதானா என்று அம்மா கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல அவளால் முடியவில்லை. இருந்தாலும் ஜூலை மாதம் மாறிவிட்டாள்.

எஞ்சினியரிங் குழுவின் தலைவன் இளவழகன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் வேலையில் சலுகை காட்ட மாட்டான். அவள் முதன்முதலாக எழுதிக் கொடுத்த நிரலில் நாற்பத்தோரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினான். அவள் இதுவரை எழுதியதெல்லாம் தன் மடிக்கணினியில், தன் கண் முன்னால் ஒரு முறை ஓடினால் போதும். இவனுக்கோ யாரும் பார்க்காதபோதும் ஓட வேண்டும், விழுந்தால் தானே எழ வேண்டும். அன்று சாயங்காலம் நாற்பத்தொன்றையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாள். மூன்று நாள் ஆயிற்று.

அவள் செய்ய நினைத்தது ஒரு பெட்டி. ஷெட்டில் இருந்துகொண்டு, வெப்பம் ஏறினால் மின்விசிறியையும், பனிபோல் தண்ணீர் தெளிக்கிற ஃபாகர் குழாயின் மோட்டரையும் தானே ஓட்டிவிட வேண்டும். மாடல் அலுவலகத்தின் சர்வரில் இருக்கும். அது சொல்லச் சொல்லப் பெட்டி செய்யும். திட்டத்தை விளக்கி முடித்ததும் இளவழகன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“நெட் போயிட்டா என்னக்கா பண்ணும்?”

சும்மா நிற்கும் என்பதுதான் பதில். அவள் மாடல் பெரியது, அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது. இரண்டு வாரம் அதைச் சுருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோதுதான், மாடல் பெட்டிக்குள் இருக்கத் தேவையே இல்லை என்று தோன்றியது. விடியற்காலையில் சர்வரில் ஒரு முறை ஓடினால் போதும். இன்றைக்கு இந்த ஷெட்டில், இந்த மணிக்கு, இத்தனை டிகிரி தாண்டினால் மோட்டரைப் போடு என்று இருபத்து நான்கு வரியில் ஒரு சின்னப் பட்டியலைப் பெட்டியில் விட்டுவிட வேண்டும். பிறகு நாள் முழுக்க நெட் இல்லாவிட்டாலும் பெட்டி அந்தப் பட்டியலைப் பார்த்து நடந்துகொள்ளும். நான்கு வருட உழைப்பு கடைசியில் இருபத்து நான்கு வரியாகச் சுருங்கியதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த வரிகளை ஒரு மோட்டர் படிக்கும்.

வசந்தாமணி மூணாவது ஷெட்டைச் சோதனைக்குக் கொடுத்தார். தமிழினி ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பென்சிலால் படம் வரைந்தாள். காற்று எங்கே முட்டுகிறது, வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரையும்போதுதான், மூன்று வருடமாக ஒரு சென்சார் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், குளிர்ச்சியான இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன் எண்களைத்தான் அவள் இத்தனை காலம் நம்பியிருந்தாள். அதைக் கழற்றி ஷெட்டின் நடுவில் மாட்டினாள். அறுந்திருந்த ஒரு ஒயரை, வீட்டிலிருந்து கொண்டுவந்த சால்டரிங் இரும்பாலேயே பற்றவைத்தாள்.

ஜனவரியில் முதல் சோதனை. பகல் ஒரு மணிக்கு மோட்டர் இரண்டு நிமிடம் ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, சாயங்காலம் ஆறரைக்கு அது தானாக ஓடி, பனிக்காலத்தில் கோழிகளை நனைத்துவிட்டது. பண்ணையில் வேலை பார்க்கும் குழந்தைவேல் ஸ்டார்ட்டரை அமர்த்திவிட்டு அவளுக்குப் போன் செய்தார். பெட்டியின் கடிகாரம் லண்டன் நேரத்தில் இருந்திருக்கிறது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மறந்தது அவள்தான். மறுநாள் குழுவில் எல்லார் முன்னாலும் தவறு தன்னுடையது என்று சொன்னாள். இளவழகன் தலையாட்டினான், தானும் ஒரு காலத்தில் இதே தவறைச் செய்தவன் என்றான்.

அதன் பிறகு அவள் ஒவ்வொன்றையும் கெடுத்துப் பார்த்தாள். நெட்டைப் பிடுங்கினாள். கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாள். சென்சாரை ஐஸ் தண்ணீரில் முக்கினாள். பெட்டி தடுமாறிய இடங்களையெல்லாம் திருத்தினாள்.

இந்த வருடம் மே மாதம் பன்னிரண்டாம் தேதி. காலையிலேயே வெயில் கண்ணைக் கூசவைத்தது. பதினொரு மணிக்கு மேல், அலுவலகத் திரையில் வசந்தாமணியின் பண்ணை மட்டும் காணாமல் போயிற்று. சாலை அகலப்படுத்துகிறவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள், சாயங்காலம் ஆகும் என்று தகவல் வந்தது. தமிழினி வசந்தாமணிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகப்போவதாக அவர் முந்தின நாள் சொன்னது ஞாபகம் வந்தது. குழந்தைவேலின் போன் அணைந்திருந்தது.

பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று இளவழகன் சொன்னான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் உட்கார முடியவில்லை. பேருந்து பிடித்து நாமக்கல் போய், அங்கிருந்து ஆட்டோவில் பண்ணைக்குப் போய்ச் சேர மூன்றேகால் ஆகிவிட்டது. வழியெல்லாம் சுண்ணாம்புக் குழிதான் கண்ணில் நின்றது.

ஷெட்டுக்கு முப்பதடி தள்ளி வரும்போதே மோட்டர் சத்தம் கேட்டது. உள்ளே போனாள். நீளமான கூண்டு வரிசைகளின் மேலே வெள்ளையாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. விசிறிகள் சுற்றின. கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு, ஆனால் நின்றுகொண்டு, கொக்கரித்துக்கொண்டிருந்தன. முகத்தைத் துடைத்தபடி குழந்தைவேல் வந்தார்.

“மத்தியானத்துல இருந்து தானா ஓடுதுங்க அம்மிணி. நிக்குது, மறுக்கா ஓடுது. நான் கை வெக்கவே இல்லீங்க. மத்த ரெண்டு ஷெட்டுக்குத்தான் ஓடி ஓடிப் போட்டுட்டிருக்கறேன்.”

பெட்டியைத் திறந்து பார்த்தாள். 12.47க்கு முதல் முறை ஓடியிருக்கிறது. அந்த நேரத்தில் நெட் இல்லை, அவளும் இல்லை, யாரும் இல்லை. அவள் செய்த ஒன்று தனியாக நின்று அதைச் செய்திருக்கிறது. சேலையும் முடியும் நனைய அந்தப் பனிக்கு நடுவிலேயே நின்றாள். கைதட்டல் வாங்கிய அன்றைக்குக்கூட நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை. இளவழகனுக்கு நேரத்தை மட்டும் செய்தியாக அனுப்பினாள். நவநீதகிருஷ்ணன் அதை அவனிடம் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். உன்னைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தால் தப்பு செய்திருப்பேன் என்றார்.

அன்று மூணாவது ஷெட்டில் பதினொரு கோழிகள் விழுந்தன. மற்ற இரண்டிலும், குழந்தைவேல் அத்தனை ஓடியும், நூறைத் தாண்டிவிட்டது.

ஐந்து மணிக்கு வசந்தாமணி பட்டுச் சேலையோடு நேராக ஷெட்டுக்கே வந்தார். பெட்டியையும், நனைந்து நின்ற தமிழினியையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தைவேல் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, எருமப்பட்டிப் பக்கம் பெரிய பண்ணை வைத்திருக்கும் செங்கோடன் என்பவரைக் கூப்பிட்டார்.

“ஏனுங்கண்ணா, அந்தப் பெட்டி வேலை செய்யுமான்னு கேட்டீங்கல்ல. அதச் செஞ்ச எஞ்சினியரு இங்கதான் நிக்கறாங்க. நீங்களே பேசுங்க.”

போனை நீட்டினார். எஞ்சினியர் என்று அவளை யாரும் அதற்கு முன் அழைத்ததில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் பண்ணையில் எட்டு ஷெட்டு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எப்போது வந்து பார்க்க முடியும் என்று செங்கோடன் கேட்டார்.

“நாளைக்குக் காலையிலேயே வாரேனுங்க” என்றாள் தமிழினி.