சட்டை போகும் வழி

தேய்த்த வெள்ளைச் சட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு அப்பா முன்னறைக்குப் போனபோது நான் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். எங்கள் சலவைக் கடையில் மூன்று நாளாக இதுதான் என் வேலை. அலுவலகத்தில் எதையெடுத்தாலும் கட்டமும் அம்புக்குறியும் போட்டே பழகிவிட்டவள் நான். பெற்றவர்களையாவது விட்டுவைத்திருக்கலாம். ஆனால், சீருடைகள் மாலை ஐந்துக்குள் வராவிட்டால் அடுத்த மாதம் வேறு கடை பார்த்துக்கொள்வதாக மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

நான் வரைந்த சார்ட் தாளில் துவைப்பது, உலர்த்துவது, தேய்ப்பது, மடிப்பது எல்லாம் ஒழுங்காக வந்தன. ஒரு கட்டம் மட்டும் உறுத்தியது. தேய்த்த ஒவ்வொரு சட்டையும் மடிக்கும் மேசைக்குப் போகாமல், முன்னறையில் சீட்டு எழுதும் அம்மாவிடம் போய்த் திரும்பியது. "பட்டன் எல்லாம் இருக்கா?" என்று அப்பா கேட்பார். மூன்று நாளில் நூற்றுப் பதினான்கு சட்டைகள். நூற்றுப் பதினான்கு முறையும் அம்மா சொன்ன பதில், "இருக்கு."

"துணி வாங்கும்போதே அம்மா பட்டனப் பாத்துடறாளே. அப்புறம் எதுக்குப்பா இந்த நடை?"

"ரெண்டு தடவ பாத்தா என்ன கெட்டுப் போச்சு?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிவப்புப் பேனாவால் அந்தக் கட்டத்தை அடித்தேன். மறுநாள் நாலரைக்கே மூட்டை வண்டியேறியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அன்று முழுக்கக் கடையில் இயந்திரச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா நின்ற இடத்திலேயே நின்று தேய்த்தார். அம்மா இரண்டு சீட்டுகளைத் தப்பாக எழுதினாள். வீட்டுக்குப் போனால் அவருக்கு டிவி, அவளுக்கு அடுப்படி. மூன்று நாளும் அரைகுறையாகக் காதில் விழுந்தது அப்போதுதான் உறைத்தது. அவருடைய முழங்கால் வலி, அவளுடைய தங்கையின் கோபம், என் கல்யாணம் எல்லாவற்றையும் அந்த இரண்டு நிமிட நடையில்தான் பேசியிருக்கிறார்கள். மகள் என்று பெயர், எனக்கே அது தெரியவில்லை.

அடுத்த நாள் காலை சார்ட்டில் பென்சிலால் ஒரு புது அம்புக்குறி இருந்தது. தேய்க்கும் மேசையிலிருந்து முன்னறைக்குப் போய், ஒரு கட்டத்தில் முடிந்தது. கட்டம் காலி.

"நீங்களாப்பா போட்டீங்க?"

"நானா? எனக்கு நேரா ஒரு கோடு போட வருமா?"

அம்மா சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உள்ள என்ன எழுதறதுன்னு தெரியலடி. நீதான் படிச்சவ, எழுதிடு."

பேனா மூடியைத் திறந்து நின்றேன். சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. அப்பா கையில் சட்டை எதுவும் இல்லாமல், என்னைத் தாண்டி முன்னறைக்குப் போனார்.