கூரை மேல் இன்னொருவன்

உருளைக்கிழங்கை முள்கரண்டியில் குத்தி வாய்வரை கொண்டுபோன ஜிக்மஸ், அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ப்ரானஸ் மறுபடியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் தொப்பி, வாயில் பைப். செத்துப் பல வருஷமாகியும் அந்த ஆளுக்கு மனுஷனை ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவிடும் எண்ணம் இல்லை.

கடலுக்கும் காயலுக்கும் நடுவே மணல்மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீனவ ஊரான நீடாவில் ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்டுவதில்லை. கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அதன் உச்சியில் காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும் பலகைக் கொடி, அந்த மரக்கொடியின் விளிம்பில் குடும்பக் கதை முழுக்கச் செதுக்கி நிறுத்தியிருக்கும். நங்கூரம் என்றால் நம்பிக்கையை விடாதவன். தேவாலயம் என்றால் பக்திமான், அல்லது ஊர் அப்படி நினைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவன். இரண்டு வீடு இருந்தால் மாமியாரைத் தனியாக வைத்திருக்கிறான், கெட்டிக்காரன். ஜிக்மஸின் கூரையில் ஒற்றைக் காட்டுமான், கிளைகிளையாகக் கொம்பு. யாருக்கும் அடங்காதவன் என்று அவர் அறுபது தாண்டியும் அதற்குப் பொருள் சொல்லிவந்தார். யாரும் கட்டிக்கொள்ளாதவன் என்று தெரு பொருள் சொன்னது.

அந்த மனிதர்தான் இந்த வசந்தத்தில் காயலின் அக்கரையிலிருந்து, மிங்கே கிராமத்து விதவை ஸ்டெஃபாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். தன் வீட்டு மரக்கொடியும் கூடவே வரும். வாத்தை அணைத்துக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் பைப்போடு முதல் புருஷன் ப்ரானஸ். அவனே செதுக்கியது.

"அது வந்தா நான் வர்றேன். இல்லேன்னா நீ உன் மானோடயே குடும்பம் நடத்திக்க."

அன்றிருந்த அவசரத்தில் அவள் மிங்கே தேவாலயக் கோபுரத்தைக் கேட்டிருந்தாலும் ஜிக்மஸ் தோளில் தூக்கிவந்து படகில் ஏற்றியிருப்பார்.

காயல்கரையில் ஊருக்கு ஒரு கொடி நிறம். கறுப்பு வெள்ளைக் கொடிகளே பறக்கும் நீடாவில், மீனைப் புகைபோடும் கொட்டகையின் உச்சியில் அக்கரையின் சிவப்பு வெள்ளை ஏறியது. அன்றோடு ஜிக்மஸின் நிம்மதி இறங்கியது. மேற்குக் காற்றடித்தால் ப்ரானஸ் சமையலறையைப் பார்த்தான். தெற்குக் காற்றுக்குப் படுக்கையறையைப் பார்த்தான். காற்றே இல்லாத நாளில் அவன் எங்கே பார்க்கிறான் என்று இவர் போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. போய்ப் பார்த்துப் பார்த்தே முற்றத்துப் புல் தேய்ந்து, அடியிலிருந்த மணல் எட்டிப்பார்த்தது. இன்னும் ஒரு மாதம் நடந்திருந்தால், அந்தக் காலத்தில் ஊரையே விழுங்கிய மணல்மேடு மறுபடி எழுந்து வீட்டை மூடியிருக்கும்.

"என்ன புது மாப்ளே," என்றான் பக்கத்து வீட்டு லூதஸ், வேலியில் சாய்ந்துகொண்டு. "உங்க வீட்ல ரெண்டு ஆம்பளைங்கன்னு கூரை சொல்லுதே?"

"அது பழைய பலகைடா."

"பழைய பலகை ஜம்முனுதான் நிக்குது. புதுசுதான் இளைச்சிக்கிட்டே போகுது. அவரு மேல பைப் புடிக்கிறாரு, நீ கீழ விறகு பொளக்கிற. யாரு வீட்டுக்கு யாருடா வந்திருக்கீங்க?"

ஜிக்மஸ் சிரித்துவைத்தார். ராத்திரி அந்தச் சிரிப்பு செரிக்கவில்லை. கொடியைத் தொட்டால் ஸ்டெஃபா அடுத்த படகிலேயே கிளம்பிவிடுவாள், அது தெரியும். தொடாவிட்டால் இந்த வீட்டில் தான் யார் என்பதுதான் தெரியவில்லை.

காலையில் ஸ்டெஃபா கடைக்குப் போனதும் ஏணியைச் சாத்தி, ரம்பத்தோடு ஏறினார். பாதி ஏறும்வரை ஏணி கிழவிபோல் நடுங்கியது. பிறகு திடீரென்று நடுக்கம் நின்றது. கீழே குனிந்து பார்த்தார். பையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டெஃபா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜிக்மஸ், மேல வேலையா?"

"கீச்சு கீச்சுன்னு சத்தம். எண்ணெய் போடலாம்னு..."

"எண்ணெய்க்குப் பல்லு மொளச்சிருக்கே."

மேற்குக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை ஊதிப் பெரிதாக்கியது.

"அறுக்கணும்னா அறு. ஆனா நல்லாப் பாத்து அறு."

இன்னும் இரண்டு படி ஏறிப் பார்த்தார். கீழிருந்து தெரியாதது அங்கே தெரிந்தது. பெண்ணின் ஒரு கை வாத்தின்மேல். இன்னொரு கை அவன் கைக்குள் கோத்திருந்தது. ஒரே பலகை. அவள் எங்கே முடிகிறாள், அவன் எங்கே தொடங்குகிறான் என்று ஒரு கோடுகூட இல்லை. எந்தப் பக்கம் ரம்பத்தை வைத்தாலும் அவள் கை அவனோடு போகும்.

"நானும் ஏறிப் பாத்தேன்," என்றாள் ஸ்டெஃபா கீழிருந்து. "அந்த ஆளு செத்த கோடையில. அவ்வளவு கோவம், என்னை விட்டுட்டுப் போயிட்டானேன்னு. இதே மாதிரி ஏணி, இதே மாதிரி ரம்பம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எறங்கி வந்து பீட்ரூட் சூப் வெச்சேன்."

காற்று சட்டென்று திசை மாறியது. கொடி சுழன்று வந்து அவர் தொப்பியைத் தட்டிவிட, ஜிக்மஸ் கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டார். அகப்பட்டது ப்ரானஸின் இடுப்பு. கன்னம் மரத்தில் அழுந்தியது. இத்தனை நாள் தன்னைப் பார்த்துச் சிரித்த அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். கண் இல்லை, வாய் இல்லை. வெயிலில் வெடித்த தட்டைப் பலகை, ஓரத்தில் ஒரு பைப்.

"ஏணியை விட்டுடாதே ஸ்டெஃபா!"

"நான் விடல. நீ முதல்ல அவனை விடு!"

விட முடியவில்லை. காற்று இன்னும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் உதறிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் கொஞ்சம், காயல் பக்கம் கொஞ்சம் என்று கொடி ஆட, ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு மூவரும் வாத்தும் ஆடினார்கள். ஜிக்மஸின் மற்றக் கையில் ரம்பம் வெயிலைப் பிடித்துத் தெருவெங்கும் எறிந்துகொண்டிருந்தது.