யோவான் வரைக்கும்

ஜூடித் பைபிளைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றடி தள்ளி, பெட்டிக்குள், அவள் புருஷன் ஆல்பின் சலவைச் சட்டையோடு ஒத்தாசைக்கு வராமல் படுத்திருந்தார்.

"அண்ணி, மூணு மணிக்கு பாஸ்டர் வந்துடுவாரு. அப்புறம் பெட்டிய மூணு மாடி இறக்கணும். சர்ச் பைபிள்ல படிச்சா என்ன?" என்றான் கொழுந்தன் செல்வம்.

"உங்க அப்பா அம்மா அடக்கத்துக்கெல்லாம் இதுலதானே யோவான் பதினாலு படிச்சாங்க? உங்க அண்ணனுக்கு மட்டும் இரவல் பைபிளா?"

பசுந்தாங் பேட்டையில் பைண்டர் 'சயா ஆல்பின்' என்றால் நாய்கூட வழிகாட்டும்; சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். நன்றாக இருந்த குடும்பப் பைபிளை அக்கக்காகப் பிரித்து, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்கார மடத்துச் சாமியார்கள் தைத்த மாதிரி தைக்கிறேன், ஒரே வாரம் என்றார். பதினோரு மாதம் ஆயிற்று. மரச்சட்டத்தில் இரட்டை இரட்டையாகச் சணல் கயிறு இழுத்துக் கட்டி, பதினாறு பக்கமாக மடித்த ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலும் ஊசியை விட்டு, கயிற்றைச் சுற்றி மறுபடி உள்ளே வாங்கி, ஓரத்தில் கீழே உள்ள ஃபாரத்தோடு முடிச்சுப் போட வேண்டும். சாயங்காலமானால் "ஜூடி!" என்று குரல் வரும். எதிரே உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்து, நுனியை விறைப்பாகப் பிடிப்பது அவள் வேலை. கதை அவர் வேலை.

இப்படித் தைத்த புத்தகம் ஒன்று, அந்தக் காலத்தில் கப்பல் மூழ்கியபோது பதினேழு பேரைக் கரை சேர்த்ததாம். "யாரு பார்த்தா?" என்று கேட்டால், பதினேழில் ஒருத்தர் ஓடைக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் மீன் விற்கிறார் என்பார்.

"என் சாவுக்காவது முடிப்பீங்களா?"

"அவசரம்னா சொல்லு."

இன்று காலையில் சட்டத்தைப் பார்த்தபோது தையல் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியாவோடு நின்றிருந்தது. போன வாரமே அதைத் தாண்டி மாற்கு வரை முடிந்ததே! துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மெழுகு தேடி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பந்து பந்தாக நூல். முடிச்சைப் பக்குவமாக அவிழ்த்து உருவியது. கயிற்றைச் சுற்றிய சுருள்கூட இன்னும் நிமிரவில்லை. அத்தனையும் அவள் மெழுகு தேய்த்தது. மல்கியாவுக்கு அடுத்த மத்தேயுவை விரித்துப் பார்த்தாள். மடிப்பில் ஊசித்துளைகள் நாலைந்து தடவை நூல் போய்வந்து தளர்ந்திருந்தன.

பெட்டியை ஒரு முறை முறைத்தாள். ஆல்பின் கண்டுகொள்ளவில்லை.

"டப்பாவுல என்ன அண்ணி?"

"மெழுகு."

மூடி, மடியில் வைத்துக்கொண்டு தைத்தாள். பாஸ்டர் செருப்பைக் கழற்றும்போது யோவானின் கடைசி முடிச்சு விழுந்தது. அப்போஸ்தலரிலிருந்து மிச்சமெல்லாம் நாற்காலியில் அடுக்காகக் கிடந்தது.

செல்வம் கத்திரிக்கோலை நீட்டினான். "நூலை வெட்டிடலாமா? பாஸ்டர் கையில எடுக்கட்டும்."

"வெட்டாதே. சட்டத்தோடயே படிக்கட்டும்."

"மிச்சத்த எப்ப முடிப்பீங்க?"

"ஒரு வாரம்."

பாஸ்டர் குனிந்து, சட்டத்திலேயே பக்கத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜூடித் மட்டும் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நூல் நுனியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.