அழகம்மாளுக்கு ஒரு ஒப்பாரி

கார்முகில் நாட்டுப்பாட்டுகளை ராக் இசையில் பாடுகிறவன். நான் ஷர்லி, அவனுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவள், திட்டுகிறவளும் நானே. ஊரில் பாடுகிற பழைய பாட்டுகளை மட்டும் கிடாரோடு ஒரு ஆல்பமாகப் பதிவு செய்துகொண்டிருந்தோம். நடவுப்பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் முடிந்து ஒப்பாரியில் வந்து மாட்டிக்கொண்டோம்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவன் வீட்டில்தான் பதிவு. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி கூடாது என்று அவன் அம்மா அழகம்மாள் மைக், ஸ்பீக்கரோடு எங்களைக் கொல்லைப்புற முந்திரித்தோப்புக்குத் துரத்தினார். போகிற போக்கில், "நீ பாடி எவன்டா அழப்போறான்?" என்றும் கேட்டு வைத்தார். கார்முகிலின் முகம் சுண்டிப்போனது. ஆல்பம் கிடக்கட்டும், அம்மாவை ஒரு தடவையாவது தன் பாட்டால் அசைத்துவிட வேண்டும், அதுதான் அவன் ஏக்கம்.

மறுநாள் அழகம்மாள் அறந்தாங்கிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார். இவன் மைக் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, "பெத்தவளே" என்று இழுத்தான். எனக்கே புல்லரித்தது.

ஸ்பீக்கர் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கிறது. பாதிப் பாட்டில் ஊர்ப் பெண்கள் தலைவிரி கோலமாக ஓடி வந்தார்கள். பின்னாலேயே கார்முகிலின் ஐயனார் மாமா, மாலையோடு! யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் முதலில் அழுகை, அப்புறம்தான் விசாரணை. தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். பாவி, ஒற்றைக்கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். பாட்டு இப்போதுதானே வந்திருக்கிறது!

அந்த நேரம் பஸ்ஸை விட்டு இறங்கிய அழகம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பையைப் போட்டுவிட்டு, வட்டத்தில் புகுந்து, பக்கத்து வீட்டுச் சத்யாவைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார். நன்றாக அழுதபிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்.

"யாருடி போனது?"

"நம்ம அழகம்மா அத்ததான்..." என்று நிமிர்ந்த சத்யா போட்ட கூச்சலில் தோப்பே அதிர்ந்தது.

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. ஐயனார் மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அழகம்மாள் மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"உசுரோட இருக்கவளுக்கா பாடுற? சரி, போடு, கேப்போம்."

பதிவைப் போட்டேன். யாருக்கு என்று தெரிந்தும் அவர் கண் மறுபடி நிறைந்தது. கார்முகில் பக்கம் பார்க்கவே இல்லை.

"கடைசியில நீங்க பேசுனத மட்டும் வெட்டிடுறேம்மா," என்றேன்.

"வெட்டுனா கைய ஒடிப்பேன். அதுக்கு முன்னாடி நான் அழுவுறது கேக்குதுல்ல? இருக்கட்டும். இவன் கேக்கட்டும்."