கார்னியின் குரல்

முதலில் வந்தது நாற்றம்தான். அழுகிய முட்டைக்கோசைச் சாக்கில் கட்டி வைத்து மூக்குக்கு நேராக அவிழ்த்துவிட்ட மாதிரி. காற்றுக் குழாயில் அந்த நாற்ற வாயுவை மேலிருந்து விடுகிறார்கள் என்றால் சுரங்கத்தில் எங்கேயோ தீ. அவ்வளவு ஆழத்தில் கத்திச் சொன்னால் யார் காதில் விழும்? மூக்குக்குத்தான் சேதி அனுப்ப முடியும். மிர்கோ பாறை துளைக்கும் இயந்திரத்தை நின்ற இடத்திலேயே அணைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு தஞ்ச அறைக்கு நடந்தான்.

பாறையைக் குடைந்த அறை அது. இரண்டு நீள பெஞ்சு, தண்ணீர் கேன்கள், சுவரில் ஒரு போன், சீறிக்கொண்டே இருக்கும் காற்றுக் குழாய். அந்தத் தளத்தில் வேலை பார்த்த நான்கு பேரும் வந்து சேர்ந்ததும் ஷிஃப்ட் கேப்டன் வெர்ன் இரும்புக் கதவைச் சாத்தினார். புகை நுழையாமல் இருக்க, கதவின் இடுக்குகளில் எல்லோரும் களிமண்ணை அப்பினார்கள். மேலிருந்து போன் வந்து வெளியே வரச் சொல்லும்வரை அந்தக் களிமண்ணை யாரும் தொடக்கூடாது.

கையில் ஒட்டிய மண்ணைக் கால்சட்டையில் துடைத்தபடி மிர்கோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். தீயைப் பற்றி அவனுக்குப் பெரிய பயம் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது வண்டி பற்றிக்கொள்ளும், அணைப்பார்கள், போவார்கள். அவன் பயம் வேறு. ஷிஃப்ட் முடிந்து மேலே போனதும், ஸ்லாக் சேப்பல் இசைக்குழுவில் கிடார் வாசிக்கும் வேட் ஹாலரனுக்குப் போன் செய்து ஒரே வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. வேட் சொல்லியிருந்தான்: "ஆறு மணிக்குப் புதுப் பாடகன் யாருன்னு அறிவிக்கிறோம். அதுக்குள்ள உன் போன் வரலேன்னா, நீ வேணாங்கறன்னு எடுத்துக்குவேன். டொரொண்டோவுல ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்."

சரி என்று சொல்வதாகத்தான் காலையில் சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது முடிவு செய்திருந்தான்.

"அந்தப் புதுப் பாட்டைக் கேட்டியா ஷானா?" ரெயால் ஆரம்பித்தான். கூரைப் பாறை விழாமல் இரும்புக் கம்பி முடுக்குகிற வேலை அவனுக்கு. வயிறு மேசை மாதிரி முன்னால் நிற்கும். தோளில் ஸ்லாக் சேப்பல் என்று பச்சை குத்தியிருந்தான். சுரங்க ஊரான சட்பரியில் பாதிப் பேர் தோளில் அது உண்டு.

"ரெண்டு தடவை கேட்டேன்" என்றாள் ஷானா. கனிமம் ஏற்றும் லாரி ஓட்டுபவள்; ஸ்லாக் சேப்பல் எங்கே வாசித்தாலும் பனியென்றும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிவிடுவாள். "முதல் தடவை கேட்டப்ப என் காதுலதான் கோளாறுன்னு நினைச்சேன்."

"டொரொண்டோக்காரனா இருப்பான். காலைல ஓட்ஸ் பால்ல காபி குடிச்சிட்டு, சாயங்காலம் நரகத்தைப் பத்திப் பாடுற ஜாதி. ஒரு மண்வெட்டி தூக்கியிருப்பானா சொல்லு."

"மூஞ்சியைக் காட்டாம, பேரைச் சொல்லாம பாட்டை மட்டும் விட்டிருக்கானுங்க பாரு. அதுலயே தெரியல? அவனுங்களுக்கே நம்பிக்கை இல்ல."

மிர்கோ டப்பாவைத் திறந்து பன்றிக்கறி பன்னை எடுத்துக் கடித்தான். வாய் சும்மா இருந்தால் ஏதாவது வந்துவிடும்.

வேலையிடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் ஷானா சாப்பாட்டுப் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். வெர்ன் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அங்கே சிக்னல் கிடையாது. பாட்டுகள் உள்ளே இருந்தன. அவள் அழுத்தினாள். வேட்டின் கிடார் இரும்புத் தகட்டை இழுத்துக்கொண்டு போவதுபோல் வந்தது. அதற்கு மேலே ஏறி மிர்கோவின் குரல் வந்தது.

தன் குரலைப் பிறர் முகத்தில் கேட்பது அவனுக்குப் புதிது. ரெயால் மூக்கைச் சுளித்தான். ஷானா தலையைச் சாய்த்துக் கேட்டாள், லாரி எஞ்சினில் எங்கே தட்டுகிறது என்று கேட்பவள் மாதிரி.

"இந்த இடம் பாரு. மூச்சு பத்தல. வெட்டி ஒட்டியிருக்கானுங்க" என்றாள்.

உண்மைதான். பதிவு செய்த அன்றைக்கு மிர்கோவுக்குச் சளி. அந்த வரியை இரண்டு துண்டாகப் பாட வைத்து வேட் ஒட்டினான். ஒட்டு யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்தான்.

"குரல் இல்லேன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா உள்ள ஆள் இல்ல. கார்னி மாதிரி பாடுறான். கார்னி மாதிரி பாடுறதுக்கு எதுக்குடா இன்னொருத்தன்? கார்னி பாட்டையே போட்டுக் கேட்டுக்கலாமே" என்றாள் ஷானா. இதுவரை ஸ்லாக் சேப்பலுக்குப் பாடியவர் கார்னி.

"பசங்களா, மெல்லப் பேசுங்க. காத்தைத் தீர்க்காதீங்க" என்றார் வெர்ன். அவர் கேட்பதெல்லாம் பழைய கிராமியப் பாட்டு. மனைவி ஓடிப்போவாள், நாய் செத்துப்போகும், அந்த வகை.

"குழாய்ல வந்துக்கிட்டுதானே இருக்கு கேப்டன்."

"வர்ற வரைக்கும் வரும்."

"அப்ப கடைசியா ஒரு நல்ல பாட்டைக் கேட்டுட்டுச் சாவோம். ஷானா, அந்த டிம்மின்ஸ் பாட்டைப் போடு தாயே."

மிர்கோ மிச்சப் பன்னை டப்பாவில் போட்டு மூடினான்.

ஷானா தானே கூட்டத்தில் நின்று பதிவு செய்தது அது. போன வருடம் டிம்மின்ஸ் ஹாக்கி அரங்கில். 'கடைசிக் கூண்டு' பாட்டின் முடிவில் ஒரு கத்தல் வரும். அடிவயிற்றிலிருந்து உறுமலாகப் புறப்பட்டு, மேலே போகப் போகக் கிழிந்து, கிழிந்த பிறகும் நிற்காமல் போகும். கிடார் நின்றுவிட்டது, டிரம் நின்றுவிட்டது, கத்தல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் வாயடைத்துப் போயிருந்தது. ரெயால் கண்ணை மூடி மார்பில் சிலுவை போட்டான்.

"இதான்டா கார்னி" என்றான்.

அது கார்னி இல்லை.

அன்று மிர்கோ ஒலிபெருக்கிப் பெட்டிகளின் சுவருக்குப் பின்னால், சுருட்டிப்போட்ட கேபிள்கள் மேல் மண்டியிட்டு, கையில் இன்னொரு மைக்கோடு இருந்தான். வார இறுதிகளில் இசைக்குழுவின் பெட்டிகளைத் தூக்கப் போவான். வேனில் வரும்போது விளையாட்டுக்குக் கார்னி மாதிரி கத்துவான், எல்லோரும் சிரிப்பார்கள். கார்னிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கசக்குகிற சத்தம்தான் கார்னியிடம் மிச்சம் இருந்தது. கடைசி வருடம் முழுக்க அவர் முன்னால் நின்று வாயசைத்தார், மிர்கோ பின்னால் இருந்து பாடினான். உதடு தப்பினால் தெரியாமல் இருக்கக் கார்னி மைக்கை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"மைக்கைப் பொத்திப் பிடிக்கிறவன் எல்லாம் ஏமாத்துக்காரன்னு நீ அடிக்கடி சொல்லுவியே" என்றான் ரெயால், அவளைச் சீண்டுகிற மாதிரி. "கார்னியும் கடைசியில பொத்தித்தானே பிடிச்சான்?"

"குரல் இல்லாதவன் பொத்தினா ஏமாத்து. கார்னி பொத்தினா அது வேறடா. குரலைக் கையில ஏந்தி நமக்குக் குடுக்குறான். அந்தக் கடைசி வருஷம் பாடின மாதிரி அவனே முன்னால பாடினதில்ல. போற நேரம் தெரிஞ்சவன் பாடுற பாட்டு."

மிர்கோவுக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக்கி விழுங்கினான். அடுத்த நொடியே சிரிப்பு போய்விட்டது. கார்னியின் சமையலறை நினைவுக்கு வந்தது. புதுப் பாடகனாக வரச் சொல்லி வேட் கேட்ட மறுநாள் கார்னி கூப்பிட்டுவிட்டிருந்தார். முன்னால் ஒரு கோப்பைச் சூப், அதையும் விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டு, காது கொடுத்தால்தான் கேட்கும் குரலில் சொன்னார்: "போ. நல்லா பாடு. ஆனா அந்த ஒரு வருஷத்தை மட்டும் என்கிட்டயே விட்டுடு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அதான்டா." மிர்கோ அவர் கையைப் பிடித்துச் சரி என்றான். சொல்லும்போது அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

இப்போதுதான் அதன் கனம் புரிந்தது. டொரொண்டோக்காரன் வந்தால் கார்னியோடு மட்டும் மோதுவான். தான் போனால் தன்னோடேயே மோத வேண்டும். கேபிள் குவியல் மேல் மண்டியிட்டு, யாரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில் எதைப் பற்றியும் கவலைப்படாமல் கத்தியவனோடு. அவனை ஜெயிக்க முடியாது. அவன் நான்தான் என்று சொல்லவும் முடியாது.

சுவர் போன் அடித்தது. வெர்ன் எடுத்து, "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "மேல் தளத்துல லாரி எரியுது. டயர் பிடிச்சிருச்சு, இப்போதைக்கு அணையாது. ஷிஃப்ட் முடிஞ்சாலும் நாம இங்கதான். ஆளுக்கு ஒரு சேதி சொல்லலாம். மேல ஆபீஸ்ல காலீன் எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போன் பண்ணுவா."

ரெயால், மகளைப் பனிச்சறுக்குப் பயிற்சியிலிருந்து கூட்டிவரத் தன் தம்பியை அனுப்பச் சொன்னான். ஷானா, நாயை வெளியே விடப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லச் சொன்னாள். வெர்ன் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னார். காலீனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"மிர்கோ?"

வீட்டில் அவனுக்கென்று யாரும் இல்லை, யார் மூலமாவது சுற்றிவளைத்துச் சொல்ல. வேட்டின் எண் அவன் போனில் இருந்தது. போன் மேலே லாக்கரில். வேட் பகலில் நடத்தும் டயர் கடை என்று சொன்னால் காலீன் கண்டுபிடித்துவிடுவாள். இந்த அறையில் இருப்பவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

"அவ்வளவுதான் காலீன்" என்று வெர்ன் போனை இறக்கினார்.

நாளைக்கும் துளைக்கும் இயந்திரம். நாளை மறுநாளும். முழங்கை எலும்பு ஆடுகிற வரைக்கும் அதுதான். பெட்டிகளுக்குப் பின்னால்கூட இனி இடம் இருக்காது. டொரொண்டோக்காரனுக்குப் பின்னாலிருந்து யாரும் பாடித் தர வேண்டியதில்லை.

"கேப்டன், இருங்க. வெக்காதீங்க." அவன் எழுந்துவிட்டிருந்தான். "வேட் ஹாலரன் டயர் கடைக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. மிர்கோ சரின்னு சொல்லிட்டான்னு. ஆறு மணிக்கு முன்னாடி."

வெர்ன் உரக்கத் திருப்பிச் சொன்னார். போனை வைத்தார்.

"டயர் மாத்துறதுக்கா இவ்வளவு அவசரம்?" என்றான் ரெயால். சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் மாறியது. "ஆறு மணி... அப்பதானே பேரை அறிவிக்கப் போறானுங்க..."

ஷானா போனைக் கீழே வைத்தாள். "நீயா?"

"நான்தான்."

"அட நாசமாப்போறவனே!" ரெயால் பெஞ்சைவிட்டு எழுந்தான். "இவ்வளவு நேரம் நாங்க கிழிச்சுத் தோரணம் கட்டினோம், நீ உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இருந்தியா?" காதுமடல்வரை சிவந்துவிட்டது அவனுக்கு. மறுபடி உட்கார்ந்தான். "ஓட்ஸ் பாலை வாபஸ் வாங்கிக்கிறேன். மண்வெட்டியையும் வாங்கிக்கிறேன். மத்ததெல்லாம் அப்படியேதான், சொல்லிட்டேன்."

"சரி" என்றான் மிர்கோ.

ஷானா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நீ அவங்க பெட்டி தூக்கப் போவியே. டிம்மின்ஸ் போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"எங்க நின்ன?"

"பின்னால. பெட்டிகளுக்குப் பின்னால."

"அப்ப எங்க எல்லாரையும்விட நீதான் கிட்ட இருந்து கேட்டிருக்க." அவள் முன்னால் குனிந்தாள். "சொல்லு மிர்கோ. அந்தக் கத்தலை எப்படிப் போட்டான்? அன்னிக்கு என்ன நடந்துச்சு அங்க?"

ஒரு வார்த்தை போதும். இவள் நம்புவாள். காது உள்ளவள், வெட்டி ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்தவள். சொல்லிவிட்டால் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கார்னியின் சமையலறைக்கும் போய்ச் சேரும்.

ரெயாலும் காத்திருந்தான். வெர்ன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படின்னு தெரியல" என்றான் மிர்கோ. "அந்த மாதிரி இன்னொரு தடவை யாராலும் முடியாது."

ஷானா மெல்லத் தலையாட்டினாள். அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. எதிர்பார்த்த பதில் கிடைத்த மாதிரி, கொஞ்சம் இரக்கமாகக்கூடப் பார்த்தாள்.

"அது தெரிஞ்சும் போறியே. அதுக்கே தைரியம் வேணும்" என்றாள். "உன் தப்பு இல்லடா. யார் வந்தாலும் இதான் நிலைமை."

"முதல் ஷோவுக்கு முன்வரிசையில நிப்பேன்" என்றான் ரெயால். "சொதப்பினா முட்டை வரும். கூட வேலை பார்த்தவன்னு பாக்க மாட்டேன்."

"வா" என்றான் மிர்கோ.

ஷானா தன் இடத்திலிருந்து எழுந்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனின் ஒலியை முழுக்க ஏற்றி, அவன் காதருகே பிடித்தாள்.

"இங்க எப்படியும் வேற வேலை இல்ல. நல்லா கவனிச்சுக் கேளு. கத்தல் எங்க தொடங்குது, மூச்சை எங்க பிடிக்கிறான், எல்லாம் சொல்லித்தர்றேன்."

மிர்கோ கதவைப் பார்த்தான். இடுக்குகளில் அப்பிய களிமண் இன்னும் ஈரமாகவே இருந்தது. அவள் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.