கட்டிப்போட்ட பன்றி

வடகரப்பதியில் பங்குனி வேட்டை என்றால் ஊரே வலையோடு கிளம்பும். சிக்கிய காட்டுப்பன்றியை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். எழுபத்தி நாலில் மில் முதலாளி ஒருவர் அதைப் பார்க்க ஜீப்பில் வந்தார்.

"உசுரோட புடிச்சுக் குடுங்க" என்றார்.

வேட்டைக்குப் போனவர்களில் ஒருவரான அப்புசாமி, வலையில் விழுந்த பன்றியின் கால்களைக் கட்டிக் கொடுத்தார். முதலாளி நாலடி தள்ளி நின்று சுட்டார். குண்டு வயிற்றில் பாய்ந்தது. அது அலறிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் காலை வைத்துப் போட்டோவுக்கு நின்றார். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

அப்புசாமி பன்றியிடம் போனார். கத்தியை எடுத்துப் பன்றியின் கழுத்தை அறுத்து, அதன் வேதனையை முடித்துவிட்டு நடந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க பங்கு?" என்று கூட வேட்டைக்கு வந்திருந்த காளிச்சாமி கூப்பிட்டான்.

"கட்டிக் குடுத்தவனே நாந்தான்டா. அத எப்பிடித் திங்கறது?"

வீட்டில் அவர் மனைவி கமலாத்தாள், பங்குக் கறி வரும் என்று மசாலா அரைத்து வைத்திருந்தாள். அவரோ வாய்க்காலில் உட்கார்ந்து, மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.