ரதி பெயரில் ஒரு பக்கம்

"பாம்... பாம்... பாஆஆம்!"

வாசலில் வேன் ஹார்ன் அலறியதில் திருச்செல்வத்தின் கையிலிருந்த பசைத் தூரிகை எகிறிச் சட்டையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் வரும் அளவுக்கு அவர்களுக்குச் சொந்தம் யாருமில்லை. மேசையில் பரப்பியிருந்த காகிதத் துண்டுகளையும் சேலைக் கரையையும் ஒரே வாரலில் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"ரதி, யாருன்னு பாரு! ராமகிருஷ்ணனா இருந்தா நான் வீட்ல இல்லேன்னு சொல்லிடு!"

"இவ்ளோ சத்தமா சொன்னா அவருக்கே கேட்டுடும்லா," என்றபடி மனைவி ரதி கதவைத் திறந்தாள்.

வந்தது ராமகிருஷ்ணன் இல்லை. போர்ட்டிக்சன் டவுனில் கைவினைப் பொருள் கடை நடத்தும் மெஹர்பானு. தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ரதி அக்கா நீங்கதானே? நீங்க போட்டிக்கு அனுப்புன பக்கத்துக்குத்தான்கா முதல் பரிசு!"

ரதி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

சுவா ஊரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க் குலை தரும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் திருச்செல்வம் மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. அவர் குரல் கொடுத்தால் மூன்றாவது நிரையில் குலை வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். குரங்குகள் மரம் மாறும். அப்படிப்பட்ட மனிதர், போன வருடம் குலை விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது, கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்தார். ஒரு பெண் கெட்டியான தாளில் பழைய காகிதங்களைக் கிழித்து ஒட்டி, மேலே சாயம் பூசி, துணி வைத்து, தன் ஒரு நாளை ஒரு பக்கமாக ஆக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் இவரும் ஒட்டினார். கால் குணமான பிறகும் விடவில்லை.

ஒருநாள் விரலில் சிவப்புச் சாயத்தோடு வேலைக்குப் போய்விட்டார். குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் ராமகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டு, "என்னா மண்டோர், மருதாணியா? யாரு பொண்ணு பாக்க வர்றாங்க?" என்று கேட்க, எடை போடும் இடமே ஒரு வாரம் சிரித்தது. அதிலிருந்து எல்லாம் கட்டிலுக்கு அடியில்தான்.

மெஹர்பானுவின் கடை போட்டி அறிவித்தபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தன் பக்கம் ஒரு சுவரில் தொங்க வேண்டும், நாலு பேர் அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். ரதி பெயரில் அனுப்பினார்.

மழை பெய்யும் தோட்டத்துச் சாலைதான் அந்தப் பக்கம். கீழ்ப்பாதியில் உரச் சாக்கின் பழுப்புக் காகிதம். அதன் மேல் எடைச் சீட்டுகளும் கோயில் திருவிழா அறிக்கையும் கிழித்து ஒட்டியிருந்தன. சேற்றுச் சாயத்தில் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கியதில் டயர் தடம் அப்படியே பதிந்திருந்தது. ஓரத்தில் ரதியின் கல்யாணச் சேலைக் கரை. மேல்பாதி வெள்ளைத் தாளில் பூசிய கருநீலத்தில், தலைமுடி போன்ற வெள்ளைக் கோடுகளாக மழை.

"அந்த மழைதான்கா பிரச்சினை," என்றார் மெஹர்பானு. "கையால இவ்ளோ மெல்லிசா வெள்ளைக் கோடு வராது, கம்ப்யூட்டர்ல அடிச்சதுன்னு ஒருத்தர் கிளப்பிட்டாரு. இன்னிக்கி மத்தியானம் புக்கிட் பெலண்டோக் டேவான்ல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டிடுங்க. இல்லேன்னா பக்கத்தச் சுவத்துலேர்ந்து எறக்கியே ஆகணும்னு கமிட்டில ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

திருச்செல்வத்தின் முகம் தொங்கிப்போனது. ரதி அதைப் பார்த்தாள்.

"வர்றேன்மா," என்றாள்.

வேன் போனதும் வீட்டுக்குள் சண்டை.

"ஏங்க, பேசாம உண்மையச் சொல்லிட்டா என்னா?"

"ராமகிருஷ்ணனும் அங்க வர்றானாம். அவன் வீட்டுக்காரி குமுதவல்லியும் ஒரு பக்கம் குடுத்திருக்கு. என்னை ரிட்டையர் ஆகுற வரைக்கும் மருதாணி மண்டோர்னு கூப்பிடுவான்!"

"அப்ப நான் மாட்டிக்கணும். நல்லா இருக்கு நியாயம்."

"நான் சொல்லித் தர்றேன். ஒன்னும் கஷ்டம் இல்ல."

பக்கத்துச் சிறுதோட்டத்தில் இன்னும் ரப்பர்ப் பால்மரங்கள் உண்டு. அங்கிருந்து ஒரு சின்னப் போத்தலில் பால் வாங்கி, உறையாமல் இருக்கக் கொஞ்சம் அமோனியா விட்டு வைத்திருந்தார் திருச்செல்வம். தென்னை ஈர்க்கைச் சீவி, பாலில் தொட்டுத் தாளில் கோடு போட வேண்டும். அது காய்ந்ததும் மேலே நீலம் பூச வேண்டும். பால் இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் பாலை எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் வெள்ளை, மழையாக இறங்கும்.

ரதியின் முதல் கோடு மழைபோல் வரவில்லை, மண்புழுபோல் வந்தது. இரண்டாவது தாளில் பால் சொட்டிக் குளமானது. "ஹேர் டிரையர் எடுக்காதே! சூடு பட்டா பால் தாளைப் பிடிச்சுக்கும்!" என்று அவர் கத்த, "குலை வெட்டுறவங்ககிட்ட கத்துற மாதிரி என்கிட்ட கத்தாதீங்க!" என்று அவள் திருப்பிக் கத்தினாள். மூன்றாவது தாளில் கோடு மழையானது. நீலமும் நன்றாக வந்தது. அது காய்வதற்குள் கிளம்பும் நேரமாகிவிட்டது.

"கடைசில பாலை எடுக்கணும், அதையும் ஒருதடவ பாத்துட்டா..." என்று இழுத்தார்.

"அது எனக்கா தெரியாது? பள்ளிக்கூட லீவுல எங்கம்மாவோட போயி ஒட்டுப்பால் உரிச்ச கை இது," என்றாள் ரதி, சேலையை மாற்றிக்கொண்டே.

ஊர்ப் பொதுமண்டபமான டேவானில் நல்ல கூட்டம். சுவர் முழுக்கப் பக்கங்கள். மூன்றாவது இடத்தில் குமுதவல்லி பெயரில் ஒன்று. முதல் இடத்தில் மழைச் சாலை. அதன் முன்னால் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் நின்றார்கள். ஒரு பெண் டயர் தடத்தை விரலால் தொடப் போய்ப் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். இதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்த திருச்செல்வத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கீழே சின்ன அட்டையில் 'ரதி' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கியது.

"என்னா மண்டோர், வீட்டுக்காரம்மா கலக்குறாங்க!" பக்கத்து நாற்காலியில் ராமகிருஷ்ணன் வந்து உட்கார்ந்தார். "நீங்க என்னா பண்ணுவீங்க? பசை கலக்கிக் குடுப்பீங்களா?"

"வாயை மூடிட்டு முன்னாடி பாருய்யா."

முன்னால் மேசையில் ரதி கோடு போட்டாள். மழை மழையாகத்தான் விழுந்தது. மின்விசிறிக் காற்றில் பால் காயும்வரை கூட்டம் கறிபாப் பலகாரம் சாப்பிட்டது. நீலம் பூசினாள். அதுவும் காய்ந்தது.

"இப்ப பாலை எடுக்கப் போறாங்க," என்று மைக்கில் அறிவித்தார் மெஹர்பானு.

ரதி ஒரு கோட்டின் நுனியை நகத்தால் கிளப்பினாள். மரத்தில் வெட்டுக்கோட்டோடு காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை எப்படி உரிப்பார்களோ, அப்படியே ஒரே சுண்டாகச் சுண்டி இழுத்தாள்.

சர்ர்ர்.

பாலோடு தாளும் சேர்ந்து வந்தது. நீலத்தின் நடுவே உள்ளங்கை நீளத்துக்குக் கிழிசல்.

யாரோ சிரித்தார்கள். "நான்தான் சொன்னேனே," என்றபடி கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து சுவரை நோக்கி நடந்தார். ரதி மறுபடியும் அடுத்த கோட்டின் நுனியைப் பிடித்தாள்.

"இழுக்காதே! உருட்டு! கட்டை விரலால தாளோட தாளா உருட்டு!"

மூன்றாவது நிரைக்குக் கேட்கும் குரல். டேவான் முழுவதும் திரும்பியது. அந்தக் கமிட்டிக்காரர்கூட நின்றுவிட்டார்.

"அண்ணே," என்றார் மெஹர்பானு மைக்கில், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டில் அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முன்னால் ரதி கிழிந்த தாளோடு நின்றுகொண்டிருந்தாள். திருடியைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லும்வரை அவள் உண்மையைச் சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

திருச்செல்வம் எழுந்தார். ராமகிருஷ்ணனின் காலை மிதித்துக்கொண்டு முன்னால் போனார்.

"அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரி செஞ்சது இல்லீங்க," என்றார். மைக் தேவைப்படவில்லை. "நான் செஞ்சது. ஆம்பள இதச் செஞ்சா சிரிப்பாங்கன்னு அவ பேர்ல குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

சட்டைக் கையை மடித்துவிட்டார். பெரிய கட்டைவிரலைத் தாளில் வைத்து மெதுவாக, பிறந்த குழந்தைக்கு நலங்கு மாவு தேய்ப்பதுபோல் உருட்டினார். பால் சுருண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகக் கழன்றது. அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு. இன்னொன்று. அடுத்து ஒன்று. கூட்டம் முன்னால் நெருங்கியது. கிழிசலுக்கு வந்ததும் நிற்காமல், பையிலிருந்த எடைச் சீட்டு ஒன்றை அலைபோலக் கிழித்து அதன் மேல் ஒட்டி, ஓரத்தில் விரலாலேயே நீலத்தை இழுத்துவிட்டார். இப்போது மழை ஒரு தகரக் கூரையில் விழுந்தது.

"யா அல்லாஹ்!" என்றார் மெஹர்பானு, மைக்கை அணைக்க மறந்து.

கைதட்டல் டேவான் தகரத்தையே அதிரவைத்தது. கமிட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆனா பேர் வேறயா இருக்கே..."

"பக்கம் நிஜம் தானே? பேரை மாத்திக்கலாம்," என்று மெஹர்பானு அட்டையை உருவி, 'ரதி'யை அடித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் 'திருச்செல்வம்' என்று எழுதினார். அதைச் சுவரில் மாட்டியபோது ரதி தன் கைப்பேசியில் படம் எடுத்தாள். எடுத்ததை அப்போதே குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "எங்க வீட்டுக்காரர்," என்றாள். அந்தப் பெண் கேட்கவே இல்லை.

"ஏங்க, இனிமே கட்டிலுக்கு அடியில வேணாம்," என்றாள் கணவரிடம். "ஹால்ல மேச போட்டுக்குங்க. வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும்."

அப்போதுதான் ராமகிருஷ்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். திருச்செல்வம் நிமிர்ந்து நின்றார். மருதாணியோ மஞ்சளோ, எது வந்தாலும் இனி வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"என்னய்யா, சிரிக்கத்தானே வந்தே? சிரி."

ராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். அவர் மனைவி குமுதவல்லி தூரத்தில் கறிபாப் தட்டோடு நின்றிருந்தாள். பிறகு திருச்செல்வத்தின் காதருகே குனிந்தார்.

"மண்டோர், அந்தம்மாகிட்ட சொல்லி அந்த மூணாவது பக்கத்து அட்டையிலயும் பேரை மாத்தச் சொல்லுங்க... குமுதவல்லிக்கு ஒட்டவே தெரியாதுலா."